அத்தையின் அபிப்பிராயங்கள்

கதாநாயகி ராத்திரி முழுக்க அழுதாள் என்று ஒரு வரி வந்தால் போதும், அத்தை புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிடுவாள்.

"ராத்திரி பூரா அழுதாளாம். சரி, அழட்டும். காலம்பற அந்த வீட்டுல பாலை யார் காய்ச்சினா? மாமனார் கோர்ட்டுக்குப் போகணும்னு போன அத்தியாயத்துல எழுதினானோல்லியோ? அவர் என்ன பட்டினியாவா போனார்? கண்ணு வீங்கிப் போய் அடுப்படியில நிக்கற பொம்மனாட்டியை இவன் பார்த்ததே இல்லை. அதான் ராத்திரியோட நிறுத்திண்டுட்டான்."

சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கார மாமி மட்டும், "அய்யோ, மேலே படி அத்தை. அவ புருஷன் திரும்பி வந்தானா இல்லியா, அதைச் சொல்லு மொதல்ல," என்று கெஞ்சுவாள். அத்தை கெஞ்சலுக்கெல்லாம் மசிகிறவள் இல்லை. சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லித் தீர்த்த பிறகுதான் புத்தகம் நிமிரும்.

நாடு சுதந்திரமடைந்து நாலைந்து வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து நான் மைசூருக்கு வந்திருந்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருக்கும் கட்டிடத்தை அங்கே 'வட்டாரா' என்பார்கள். எங்கள் வட்டாராவில் எல்லாமே தமிழ்க் குடும்பங்கள். ஆனால் அந்தத் தமிழ் வாயோடு சரி. அனேகமாக எல்லாரும் பரம்பரையாக மைசூரிலேயே இருந்து, கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் எழுத்தைக் காட்டினால் கோலத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மாமியின் வீட்டுக்காரர் தேவராஜ மார்க்கெட் பக்கத்து ஒரு கடையிலிருந்து சென்னை வாரப் பத்திரிகையைத் தவறாமல் வாங்கி வருவார். அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. படம் பார்த்துவிட்டு மாமியிடம் கொடுப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து காப்பிக்கு அடுப்பு மூட்டும் வரைக்கும் மாமியின் கூடத்தில் எல்லாரும் கூடுவார்கள். அத்தை படிப்பாள்.

அத்தை தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் டைபாய்டில் போய்விட, மைசூரில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த அண்ணா அவளை அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டார். அண்ணாவின் குழந்தைகள் அவளை அத்தை என்றன. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த மன்னி, குழந்தைகளைச் சாக்கிட்டு அத்தை என்றாள். பிறகு வட்டாரா முழுக்கவே அப்படி ஆகிவிட்டது. பேரன் எடுத்த மாமி, முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தியை 'அத்தை, அத்தை' என்று கூப்பிடுவதைக் கேட்டு முதல் வாரம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தையிடமே கேட்டேன்.

"எனக்கும் ஒரு பேர் இருக்கு," என்றாள். "யாராவது கூப்பிட்டா நான் திரும்பிப் பார்ப்பேனான்னுதான் சந்தேகம்."

பேரைச் சொன்னாள். ஆனால் எனக்கும் அத்தை என்றுதான் வாயில் வந்தது.

ஊரிலிருந்த தமிழர்கள் சேர்ந்து நடத்திய சின்ன வாசகசாலையிலிருந்து அண்ணா அவ்வப்போது புத்தகங்களும் கொண்டுவருவார். அதில் சுயசரிதைகள் நிறைய இருக்கும். அந்தக் காலத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர்களெல்லாம் எழுத ஆரம்பித்திருந்தார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர்கள் ஒரு பக்கம் எழுதித் தள்ளினார்கள். அப்படி ஒரு பெரியவரின் புத்தகத்தை அத்தை ஒரு மாதம் படித்தாள். சமஸ்தானத்தில் எத்தனை அணை, எத்தனை பாலம், யார் யாரோடு விருந்து என்று எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில், தன் சௌகரியங்களையெல்லாம் அலுக்காமல் கவனித்துக்கொண்ட மனைவிக்கு நன்றி என்று ஒரு வரி.

அத்தை அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். "வேட்டி தோய்க்கற கல்லுக்கும் இதே வரியை எழுதலாம்," என்றாள்.

மாமி அன்று சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரரும் கன்னடத்தில் ஒரு புத்தகம் எழுதும் உத்தேசத்தில் இருந்தார்.

ஜெயில் புத்தகங்களை மட்டும் அத்தை குறுக்கே பேசாமல் படிப்பாள். களி, கம்பளி, மூட்டைப்பூச்சி எதையும் விடமாட்டாள். ஒரு நாள் அப்படி ஒன்றைப் படித்து முடித்ததும், "கஷ்டம்தான். ஆனா எத்தனை வருஷம்னு சொல்லிட்டுத்தானே உள்ளே தள்றா," என்றாள். பெண்கள் அதற்கும் சிரித்தார்கள். அத்தை எது சொன்னாலும் சிரிப்பது என்று அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியலில் சாணி தெளிப்பதிலிருந்து ராத்திரி கடைசித் தட்டு கழுவுவது வரை அந்த வீட்டில் அவள் கைதான். மன்னிக்கு வருஷம் தவறினாலும் பிரசவம் தவறாது. அத்தை இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் இரண்டு நாள் தாங்காது. அது எல்லாருக்கும் தெரியும், அதனால் எல்லாருமே அவளைத் தலையில் வைத்துக்கொண்டாடினார்கள். கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர அவள் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

மார்கழியில் ஒரு நாள் குழாயடியில் என்னிடம் மெல்லச் சொன்னாள். வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறாள். சத்தம் போட்டுப் படிக்கவில்லை, தாண்டிப் போய்விட்டாள். சென்னையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. விடுதியிலேயே தங்கிப் படிக்கலாம், கைம்பெண்களுக்கு இடம் உண்டு. வீட்டு ஆண்பிள்ளை யாராவது நேரில் வந்து சேர்த்துவிட வேண்டும். வருகிற ஜூனில் சேராவிட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். அத்தையின் கை குடத்தின் மேல் இருந்தது, குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணாகிட்ட கேட்டேளா?"

"கேட்டேன். பாக்கலாம்மான்னார். உனக்கு இங்க என்ன குறைன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"குறை ஒண்ணும் இல்லைன்னேன். என்ன சொல்றது? தீபாவளிக்கு மன்னிக்கு எடுக்கறதுக்கு முன்னாடி எனக்குப் புடவை எடுக்கறார்."

அண்ணா நல்லவர், அதை நானே சொல்வேன். குரலை உயர்த்த மாட்டார். அவர் ஒரு தரம் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். தை, மாசி என்று அவள் கேட்கக் கேட்க, அவர் பாக்கலாம்மா, பாக்கலாம்மா என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

விஷயம் கசிந்து மாமி காதுக்குப் போயிற்று. மாமி பதறிப்போனாள். "அய்யோ, நீ போயிட்டா எங்களுக்கு யார் கதை படிப்பா?"

அத்தை உடனே என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இதோ இருக்காளே கும்பகோணத்துக்காரி! என்னைவிட நன்னாப் படிப்பா."

அடுத்த வாரம் நான் படித்தேன். ஸ்பஷ்டமாகத்தான் படித்தேன், பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்கினவள் நான். கால்வாசி வருவதற்குள் ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி வடாம் உலர்த்திய ஞாபகம் வந்து எழுந்து போனாள். மாமி மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கும்பகோணம், நீ நன்னாத்தான் படிக்கறே. ஆனா அவ ஏன் கதவுகிட்ட நின்னா, அந்நேரத்துல குழந்தை எங்க இருந்துது, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறியே?"

"அதுல போட்டிருக்கறதைத்தானே மாமி படிக்க முடியும்?"

"போட்டிருக்கறது யாருக்கு வேணும்?" என்றாள் மாமி.

எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனால் அத்தையின் வாடிப்போன முகத்தைப் பார்த்ததும் என் ரோஷமெல்லாம் எங்கோ போய்விட்டது. பத்திரிகை திரும்ப அவள் மடிக்கே வந்து சேர்ந்தது.

ஏப்ரல் மாத வெயிலில் ஒரு நாள், "புதுத் தொடர்கதை ஆரம்பிச்சிருக்கான்," என்று அத்தை படிக்கத் தொடங்கினாள். ஷிவமொக்காவில் மாமா வீட்டில் வளரும் பெற்றோர் இல்லாத ஒரு பெண். மாமா வக்கீல், தங்கமான மனுஷர். அந்தப் பெண்ணுக்குப் பட்டணத்துக்குப் போய் நர்ஸ் வேலை படிக்க ஆசை. கேட்கும்போதெல்லாம் மாமா 'யோசிப்போம்' என்கிறார்.

நான் எப்போதும் அத்தைக்குப் பக்கத்தில் உட்காருவேன், அடுத்த வரியை ஒரு கண் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் ஆசையில். அன்றும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவல் உப்புமா செய்வது எப்படி என்று போட்டிருந்தது. எதிர்ப் பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் வரிவரியாக உப்புமாவின் மேல் ஓட, வாய் ஷிவமொக்காவைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வாராவாரம் அப்படியே நடந்தது. ஒரு வாரம் ஜோசியப் பக்கம், ஒரு வாரம் வாசகர் கேள்வி பதில். எந்தப் பக்கம் திறந்தாலும் அதில் ஷிவமொக்கா இருந்தது. "இந்தக் கதைக்குப் படமே போடலியே?" என்று மாமி கேட்டாள். "படம் போடறவர் ஊருக்குப் போயிருக்காராம்," என்றாள் அத்தை, கண்ணைக்கூட நிமிர்த்தாமல். இன்னொன்றும் எல்லாருக்கும் ஆச்சரியமாக இருந்தது. இந்தக் கதைக்கு அவள் அபிப்பிராயமே சொல்லவில்லை. கேட்டால், "இதுக்கு நீங்க சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னார்கள். எத்தனை நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்களோ, கொட்டித் தீர்த்தார்கள்.

"நெஞ்சுல ஈரமே இல்லாத மனுஷன்," என்றாள் மாமி. "அடிச்சா அழலாம். இவன் தடவிக்குடுத்தே கொல்றானே! எங்கேடி, நிஜமாவே அப்படியா எழுதியிருக்கான்? யோசிப்போம்னு எங்கே போட்டிருக்கு, காட்டு கும்பகோணம்."

பத்திரிகையைப் பிடுங்கி என் முன்னால் நீட்டினாள். நான் ரிஷப ராசிப் பலன் மேல் விரலை வைத்து, "இதோ மாமி, இங்கதான், ரெண்டு தரம் போட்டிருக்கான்," என்றேன். மாமி அந்த எழுத்துக்களைக் கோபமாக முறைத்துப் பார்த்தாள்.

மாமியால் கதையைக் கூடத்தோடு விட முடியவில்லை. அண்ணா ஆபீஸிலிருந்து வரும்போது முற்றத்திலேயே மறித்துக்கொண்டாள். "ஏம்பா, நீயே நியாயம் சொல்லு. ஷிவமொக்காவுல ஒரு வக்கீல்..." என்று முழுக்கதையையும் சொன்னாள். அண்ணா குடையை மடக்கிக்கொண்டே கேட்டார். "பாவம், படிக்க ஆசைப்படற பொண்ணு. அனுப்பினா என்ன?" என்றார்.

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தாள். அன்று சாயங்காலம் குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாவே சொல்லிட்டார். கேட்டியோ? அவர் வாயாலேயே சொல்லிட்டார்!" அந்தச் சிரிப்போடு அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வயது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த வாரம் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். மன்னியும் வந்து சுவரோரமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. உடம்பில் ரத்தமே இல்லை, படுத்தே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அத்தை படித்தாள். பள்ளியில் சேரக் கடைசி வாரம் வந்துவிட்டது, பெண் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள், மாமா யோசிக்கிறார். அங்கே நிறுத்தினாள்.

"அனுப்பலைன்னா அந்த வீடு உருப்படவே உருப்படாது!" என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அத்தை பத்திரிகையை மூடினாள். "இதுல அப்படி ஒரு கதை இல்லை மாமி. நான்தான் சொன்னேன். ஷிவமொக்கா இல்லை, இந்த வீடு. எனக்குப் போகணும். நீங்க எல்லாரும் அண்ணாகிட்டச் சொல்லுங்கோ."

மாமிக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. எல்லாரும் மெல்ல மன்னி பக்கம் திரும்பினார்கள்.

மன்னி முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு மொதல் வாரமே தெரியும்," என்றாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை, களைத்துப்போன குரல். "எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கு அத்தை. சொல்லலாமா?"

அத்தை தலையசைத்தாள்.

"அந்த மாமாவுக்குப் பெண்டாட்டி ஒருத்தி இருக்காளே, இத்தனை வாரமா அவ என்ன பண்ணினா? தட்டு வெச்சா, தட்டு எடுத்தா. ஒரு வார்த்தை பேசினாளா? நீ பேச விட்டியா அவளை? அவளுக்கு ஒடம்பு எப்படி இருக்கு, டாக்டர் என்ன சொன்னார், ராத்திரி எதை நினைச்சுப் பயந்துக்கறா, ஒண்ணையும் காணோம். அந்தப் பொண்ணு ரயிலேறிப் போகட்டும், நன்னா இருக்கட்டும். அந்த வாரமே இவ பிரசவத்துல போயிட்டா, அந்தக் குழந்தைகளை யார் பக்கத்துல போட்டுக்கறது? அதுக்கும் ஒரு அத்தியாயம் வேண்டாமா?"

"ஹௌதல்லா!" என்றாள் மாமி. ஆமாம் அல்லவா என்று அர்த்தம். "அதை நாம யோசிக்கவே இல்லியே!" அரை நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டாள். மற்றவர்களும் மன்னியின் வீங்கிய காலைப் பார்த்து உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு அவர்களையெல்லாம் உலுக்க வேண்டும் போலிருந்தது. மன்னியைத் திட்டலாம் என்றால் வாய் வரவில்லை, அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அத்தை மன்னியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பத்திரிகையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "கதையில குறைதான்," என்றாள்.

போக வேண்டும் என்று அத்தை சொன்னதை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. கேட்கவே கேட்காதது போல நடந்துகொண்டார்கள். ஆனால் கதைக்கு முடிவு வேண்டும் என்று மாமி பிடிவாதம் பிடித்தாள். இருக்கிற கதையோ இல்லாத கதையோ, பாதியில் விடக்கூடாதாம். அத்தை மறு வாரம் கையில் பத்திரிகை இல்லாமலே சொன்னாள். வக்கீலின் பெண்டாட்டிக்கு ஓர் அத்தியாயம் முழுக்கக் கொடுத்தாள். அவள் பயத்தை, அவள் முதுகுவலியை, யாரும் தன்னை ஒரு வார்த்தை கேட்காத வருத்தத்தை எல்லாம் சொன்னாள். அத்தனை நன்றாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் அந்தப் பெண் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டாள். மன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமி எழுந்து வந்து அத்தைக்குத் திருஷ்டி கழித்தாள். "பத்திரிகைக்காரன்கூட இப்படி ஒரு முடிவு எழுத மாட்டான்!" என்றாள். சாயங்காலம் அண்ணாவிடமும் முடிவைச் சொன்னாள். "அதுவும் சரிதான்," என்றார் அண்ணா.

ஜூன் வந்தது. சென்னையில் பள்ளி திறந்த வாரம் மன்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள், அத்தையின் கையால்தான் பிழைத்தார்கள். பத்தியச் சாதம் வடித்துவிட்டு அவள் பின்கட்டில் வந்து உட்கார்ந்த ஒரு மத்தியானம் நான் போய் எதிரே நின்றேன். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏன் அப்படி முடிச்சேள்? அவ போயிட்டாள்னு முடிச்சிருந்தா நானே உங்களை ரயிலேத்தி விட்டிருப்பேன்."

"மன்னி கேட்டது சரி. ஊரார் கதையில எல்லாம் அதைத்தானே நான் கேட்டேன். என் கதையில கேக்காம விட்டுட்டேன்."

"அதுக்காக நீங்களே பெட்டியைப் பிரிச்சுடறதா?"

அத்தை கையில் ஒட்டியிருந்த சுக்குப் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிருந்தா பாவின்னு பேர் வந்திருக்கும். போகாம இருக்கேன், மகராஜின்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிடறா," என்றாள். "எனக்கு ரெண்டும் பிடிக்கலைடி. கொஞ்சம்கூடப் பிடிக்கலை."

உள்ளேயிருந்து மன்னி மெல்லக் கூப்பிட்டாள். அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.